ஃலன் என்றால் தேவாலயமா?

வேல்ஸ் பற்றிய சுற்றுலாக் கையேடு எதை எடுத்தாலும் அங்குள்ள பல ஊர்ப்பெயர்களின் முன்னால் நிற்கும் சொல்லைப் பற்றி ‘ஃலன் என்றால் தேவாலயம்’ என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே பிடித்துக்கொண்டு, அங்குள்ள மொழியான வெல்ஷின் அகராதியைப் புரட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். ‘பெர்ஃலன்’ என்பது பழத்தோட்டம். அதில் முன்பாதி பேரிக்காய். பேரிக்காய்க்கு எதற்குத் தேவாலயம்? ‘க்வின்ஃலன்’ திராட்சைத் தோட்டம். ‘க்வின்’ என்றால் ஒயின். ‘கோர்லன்’ ஆட்டுப்பட்டி. ‘அட்லன்’ அறுத்த கதிர்க்கட்டுகளைப் போர் போட்டு வைக்கும் களம். ‘கோய்ட்லன்’ மரத்தோப்பு.

இத்தனைக்கும் பொதுவானது சாமி அல்ல, அடைப்பு. நிலத்தில் ஒரு துண்டை வேலியோ மதிலோ மண்கரையோ போட்டு வளைத்தால் அது ஃலன். உள்ளே மரம் இருந்தால் தோப்பு, ஆடு இருந்தால் பட்டி, கல்லறையும் ஜெபக்கூடமும் இருந்தால் தேவாலயம். ஆட்டுப்பட்டியில் இருக்கும் ‘பட்டி’யே உசிலம்பட்டியிலும் இருப்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிரே அல்ல. வேலிக்கு வைத்த பெயர் ஊருக்கு ஏறுவது பல மொழிகளிலும் நடப்பதுதான்.

எழுத்தைப் பற்றி முதலிலேயே ஒரு குறிப்பு. வெல்ஷில் இந்தச் சொல் இரட்டை எல் போட்டு எழுதப்படுகிறது. அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. இங்கே அதை ‘ஃல’ என்று எழுதுகிறோம். ஒற்றை எல் வரும் இடத்தில் வெறும் ‘ல’. இந்த வேறுபாடு பின்னால் நிறையத் தேவைப்படும்.

வேர் எங்கே?

வெல்ஷுக்கு மூதாதையான பழைய செல்டிக் மொழியில் ‘லண்டா’ என்றால் திறந்த நிலம். ஆங்கிலத்தின் ‘லேண்ட்’ இதற்குப் பங்காளி. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததல்ல, இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவை. ஹோட்டல் வாசலில் பச்சையாக வெட்டி வைத்திருக்கும் ‘லான்’கூட உறவுதான். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல். பிரெஞ்சுக்கு அது செல்டிக்கிலிருந்து வந்ததா ஜெர்மானியத்திலிருந்து வந்ததா என்று வாதாடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் வேர் இதேதான்.

‘லண்டா’ எப்படி ‘ஃலன்’ ஆனது என்பதற்கு இரண்டு மாற்றங்கள் போதும். வெல்ஷ் வளர்ந்த காலத்தில் ‘ண்ட்’ என்ற சேர்க்கை ‘ன்ன்’ ஆகக் கரைந்தது. சொல்லின் முதலில் நின்ற ‘ல’ மூச்சொலி ஏறி ‘ஃல’ ஆனது. இரண்டாவது மாற்றம் லத்தீனிலிருந்து வந்த கடன் சொற்களையும் விடவில்லை: லத்தீன் ‘லிபெர்’ (புத்தகம்) வெல்ஷில் ‘ஃலிவ்ர்’ ஆயிற்று. வெல்ஷ் அகராதியில் இரட்டை எல் சொற்கள் குவிந்து கிடப்பதற்குக் காரணம் இது. ஃலன்டாவ் தேவாலயத்தின் 12-ஆம் நூற்றாண்டு ஆவணத் தொகுப்பான ஃலன்டாவ் நூலில் இந்தச் சொல்லை இன்னும் ஒற்றை எல், இரட்டை என் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். முன்னால் எல்-ஐ இரட்டிக்கும் வழக்கம் அதற்குப் பிறகு நிலைத்தது. அந்தப் பழைய இரட்டை என், பன்மையான ‘ஃலன்னை’யில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

தேவாலயம் எப்போது உள்ளே வந்தது? ரோமானியர் பிரிட்டனை விட்டுப் போன பிறகு, ஏறக்குறைய 5 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை, துறவிகள் ஊர் ஊராகப் போய்ச் சிறு இருப்பிடங்கள் அமைத்தார்கள். முதலில் செய்த வேலை கட்டடம் எழுப்புவதல்ல, இடத்தை வளைப்பது. உள்ளே இறந்தவர்களைப் புதைப்பார்கள், ஒரு சிறு மரக்கூடம் போடுவார்கள். கல் கட்டடம் பல நூற்றாண்டு கழித்து வரும். அதனால்தான் வேல்ஸில் பழைய தேவாலய வளாகங்கள் பலவற்றின் சுற்றுமதில் சதுரமாக இல்லாமல் வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருக்கிறது. கட்டடத்தை எத்தனை முறை இடித்துக் கட்டினாலும் வேலியின் வளைவு மாறாமல் நின்றுவிட்டது. சொல்லின் பழைய பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம், மதிலை ஒட்டி ஒரு சுற்று நடந்தால் போதும்.

அந்தத் துறவிகளைத்தான் வேல்ஸில் புனிதர்கள் என்கிறார்கள். ரோம் முறைப்படி விசாரித்துப் பட்டம் கொடுத்தவர்கள் அல்லர். பெரும்பாலோர் அந்தந்த வட்டாரத்துக்கு மட்டும் தெரிந்தவர்கள். டிட்னோ, டைலோ, கோஃலென், எஃலி, பெரிஸ் என்று நீளும் இந்தப் பெயர்களில் பல ஊர்ப்பெயரை விட்டால் வேறெங்கும் கேட்காதவை. மரியாள் பெயரிலும் அதிதூதர் மிக்கேல் பெயரிலும் உள்ள ஃலன்கள் பெரும்பாலும் பின்னால் வந்த அடுக்கு.

ஒலி: நாக்கு எங்கே, மூச்சு எங்கே

ல, ள, ழ மூன்றும் கைவசம் இருப்பதால் தமிழருக்கு இது சுலபம் என்று தோன்றும். மூன்றும் உதவாது. மூன்றிலும் குரல்நாண் அதிர்கிறது. வெல்ஷ் ஒலியில் அதிர்வே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டுக்குள்ளேயே, நீலகிரியில் தோடர் பேசும் மொழியில் இந்த ஒலி இருக்கிறது. அதுவும் திராவிட மொழிதான்.

‘பல்’ என்று சொல்லி, கடைசி ல்-இல் நாக்கை அப்படியே நிறுத்துங்கள். நுனி மேல்பற்களுக்குப் பின்னால் பல் ஈற்றில் ஒட்டியிருக்கும். இப்போது குரலை நிறுத்துங்கள். தொண்டையில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தால் அதிர்வு இருக்கக் கூடாது. நுனியை அசைக்காமல் மூச்சை மட்டும் ஊதுங்கள். காற்று நடுவில் போக வழியில்லாமல் நாக்கின் ஓரங்களில், கடைவாய்ப் பற்களை உரசிக்கொண்டு வெளியேறும். சைக்கிள் டியூப் ஓட்டையில் காற்று கசிவது போன்ற சத்தம் கேட்டால் சரி. ஒரு பக்கமாக மட்டும் வந்தாலும் தவறில்லை. அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘அன்’ என்று குரலைத் திறந்தால் ‘ஃலன்’.

சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒலி எழுப்பும் நிலையிலேயே வாயை வைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுங்கள். குளிர் நாக்கின் ஓரங்களில் தெரிந்தால் நாக்கு சரியான இடத்தில் இருக்கிறது. நடுநாக்கில் குளிர்ந்தால் நுனி ஈற்றை விட்டு விலகியிருக்கிறது. நீங்கள் சொல்வது ஸ அல்லது ஷ. அடிக்கடி நேரும் இன்னொரு பிழை ‘க்லன்’, ‘த்லன்’ என்று முன்னால் ஒரு வல்லினத்தை முட்டுக்கொடுப்பது. ஆங்கிலேயர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் பிழை அது. இல்லாத மெய்யை அவர்கள் காதுதான் சேர்த்துக்கொள்கிறது. வெல்ஷில் ‘சாம்பல் நிறம்’ என்று பொருள்படும் ஒரு சொல் ஆங்கிலக் காதில் இரண்டு விதமாக விழுந்து, லாயிட், ஃப்ளாயிட் என இரண்டு குடும்பப் பெயர்களானது. சென்னையில் இன்று அவ்வை சண்முகம் சாலையாக இருக்கும் பழைய லாயிட்ஸ் ரோட்டின் பெயர்ப்பலகையில் இரட்டை எல் இருந்ததற்கும் மூலம் இந்த ஒலிதான். மூன்றாவது பிழை நம்முடையது: பழக்கத்தில் நாக்கை ள, ழ போல மடிப்பது. மடிக்க வேண்டாம்.

உயிரொலி குறில். ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் ‘லான்’ என்று நெடிலாக எழுதும் வழக்கம் இருக்கிறது. அது மூலத்தோடு ஒட்டவில்லை. அழுத்தமும் கவனிக்க வேண்டியது. வெல்ஷில் பொதுவாக ஈற்றுக்கு முந்திய அசையில் அழுத்தம் விழும். ஆனால் ஊர்ப்பெயரின் முன்னால் நிற்கும் ஃலன் அழுத்தம் வாங்காது. பின்னால் வரும் பெயர்தான் வாங்கும். ஃலன்-டிட்-னோவில் ‘டிட்’ அழுந்தும். பின்பாதி ஒரே அசையாக இருந்தால் பொதுவிதியை மீறிக் கடைசியில் அழுத்தம்: ஃலன்-டாவ், ஃலன்-ருஸ்ட். பெர்ஃலன் போன்ற சாதாரணச் சொல்லில் மறுபடி பொதுவிதி, அழுத்தம் ‘பெர்’ மேல்.

பின்னால் வரும் பெயர் ஏன் மாறுகிறது?

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். வெல்ஷில் மரியாளுக்கு ‘மைர்’ என்று பெயர். மாதா கோவில் ஊரோ ஃலன்வைர். ‘ம’ எங்கே போய் ‘வ’ எங்கிருந்து வந்தது?

ஃலன் பெண்பால் பெயர்ச்சொல். அதன் பின்னால் ஒட்டும் பெயரின் முதல் மெய் மென்மையாகிவிடும். தமிழர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே வாய்ப்பழக்கம். ‘பல்லி’யின் ப-வும் ‘கம்பி’யின் ப-வும் ஒரே எழுத்து, ஒலி வேறு. ‘டீ’யின் ட-வும் ‘வண்டி’யின் ட-வும் அப்படியே, ‘கல்’லின் க-வும் ‘தங்க’த்தின் க-வும் அப்படியே. நாம் எழுத்தை மாற்றாமல் ஒலியை மட்டும் மாற்றுகிறோம். வெல்ஷ்காரர்கள் எழுத்தையும் மாற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான். டைலோ என்ற புனிதரின் பெயரில் டீயின் ட. ஃலன்டைலோ என்ற ஊரில் வண்டியின் ட. கோஃலெனில் கல்லின் க. ஃலங்கோஃலெனில் தங்கத்தின் க. பெரிஸ் என்பவரின் ஊர் ஃலன்பெரிஸ், கம்பியின் ப.

மீதிப் பாதியைத் தனியாகப் படிக்க வேண்டும். ம மாறி வ ஆகும்: மிஹாங்கெல் என்ற மிக்கேல் ஃலன்விஹாங்கெலில் வ ஆகிறார். வண்டியின் ட, ஆங்கிலத்தில் ‘தி’ என்ற சுட்டில் வரும் மெல்லிய ஒலியாகும்: டெவி (தாவீது) இருக்கும் ஊர் ஃலன்தெவி. தங்கத்தின் க இன்னும் ஒரு படி மேலே போய்க் காணாமலே போய்விடும்.

இதற்கு நடைமுறைப் பயன் உண்டு. ஊர்ப்பெயரின் பின்பாதியை அகராதியிலோ புனிதர் பட்டியலிலோ அப்படியே தேடினால் கிடைக்காது. ‘வைர்’ என்று தேடாதீர்கள், ‘மைர்’ என்று தேடுங்கள். பின்பாதி உயிரெழுத்தில் தொடங்கினால் முன்னால் ஒரு ஜி (தங்கத்தின் க) உதிர்ந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். அகராதியில் இன்னொரு பொறியும் இருக்கிறது: வெல்ஷில் இரட்டை எல் இரண்டு எழுத்தல்ல, தனி ஒரு எழுத்து. அரிச்சுவடியில் எல் முழுவதும் முடிந்த பிறகுதான் அதன் பகுதி தொடங்கும். ஆங்கில வரிசைப் பழக்கத்தில் எல் பகுதிக்குள் ஃலன்னைத் தேடுபவர் தேடிக்கொண்டே இருப்பார்.

பின்பாதி எப்போதும் புனிதராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஃலன்டாவில் இருப்பது டாவ் ஆறு; கார்டிஃப் நகருக்குள் ஓடுவது அதுதான். ஃலங்கெவ்னியில் கெவ்னி ஆறு. ஃலனிய்க்ஃலின் என்றால் ஏரிக்கு மேலே உள்ள ஃலன். பாலா ஏரியின் தலைமாட்டில் இருக்கிறது. ஃலன்ட்ரின்டோட் திரித்துவத்தின் பெயரால் வந்தது. ஃலன்ட்ரிசன்ட் மூன்று புனிதர்களுக்கு, ஃலன்பிம்சைன்ட் ஐவருக்கு. இந்த இரண்டிலும் எண்ணின் முதல் எழுத்து மாறாமல் நிற்கிறது. விதி தெரிந்துகொண்ட பிறகு விலக்குகளைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஊர்ப்பெயர்கள் இலக்கணப் புத்தகம் படித்துவிட்டு உருவானவை அல்ல.

ஃலன்வைர்கள் ஏராளம். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க வால் சேர்த்தார்கள். ஃலன்வைர்வெகன் என்றால் சின்ன ஃலன்வைர். ‘சின்ன’, ‘பெரிய’ என்ற அடைமொழிகளும் ஃலன்னின் பெண்பாலுக்கு இசைந்து மென்மையாகும்: பெரியது ‘மவ்ர்’, ஆனால் ஃலனிஃல்டிட் வவ்ர். இந்த ஊரை ஆங்கிலத்தில் லான்ட்விட் மேஜர் என்பார்கள். ஆங்கில எழுத்தர்களின் கையில் சிதைந்தவை வேறும் உண்டு. லாம்பீட்டர் என்று வரைபடத்தில் இருப்பது உண்மையில் ஃலன்பெட்ர், அதாவது பேதுருவின் ஃலன்.

போலிகள்

முன்னால் ஃலன் இருந்தாலே அடைப்பு நிலம் என்று முடிவு கட்ட முடியாது. ‘நன்ட்’ என்றால் ஓடை, ஓடை ஓடும் பள்ளத்தாக்கு. மக்கள் வாயில் நன்ட் நழுவி ஃலன் ஆன ஊர்கள் உண்டு. ஃலன்கார்வனின் பழைய பெயர் நன்ட்கார்வன். அங்கே பெயர்பெற்ற மடம் இருந்ததால் ஃலன் என்று மாறியது யாருக்கும் உறுத்தவில்லை. இடிந்த மடாலயத்துக்குப் பெயர்போன லாந்தனியும் இப்படித்தான்: முழுப்பெயர் ‘ஹோட்னி ஓடையில் உள்ள தாவீதின் ஃலன்’. நடுவிலிருந்த தாவீது உதிர்ந்துபோய், ஓடையின் பெயர் ஃலன்னோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே ஓர் ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்லும் முன் கிடைப்பதிலேயே பழைய எழுத்து வடிவத்தைப் பாருங்கள். இன்றைய பலகையை வைத்துச் சொல்லும் விளக்கங்களில் பாதி ஊகம்.

பின்னால் நிற்கும் ‘லன்’ அதைவிட ஏமாற்றும். ‘க்லன்’ என்றால் கரை. சொல்லின் இடையில் வரும்போது அதன் ஜி விழுந்து ‘லன்’ ஆகிவிடும். 1277-இல் முதலாம் எட்வர்ட் கோட்டை கட்டத் தொடங்கிய ரித்லன் என்ற ஊரின் பெயர் ‘சிவந்த கரை’. அதற்கும் நம் சொல்லுக்கும் தொடர்பில்லை. கோர்லன், கோய்ட்லன் ஆகியவற்றில் இருப்பதோ உண்மையான ஃலன், மென்மையாகி ‘லன்’ ஆனது. ன், ர் ஆகியவற்றுக்குப் பின்னால் ‘ஃல’ பொதுவாகக் கெட்டியாக நிற்கும்: க்வின்ஃலன், பெர்ஃலன், ‘பழைய ஃலன்’ என்று பொருள்படும் ஹென்ஃலன். கோர்லன் அந்த வழக்கத்துக்கு அடங்காதது.

பேச்சில்

இன்றைய வெல்ஷில் ‘ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனேன்’ என்று சொல்ல ஃலன் வராது. லத்தீனிலிருந்து வந்த ‘எக்லூய்ஸ்’தான் வரும். ஃலன் பெரும்பாலும் இடப்பெயர்களுக்குள்ளும், பழைய தேவாலயத்தைச் சுற்றிய ஊர்ப்பகுதி என்ற பொருளிலும் வாழ்கிறது. ஃலன் ஃபெஸ்டினியோகின் வட்டாரத்தில் அந்த ஊரை வெறும் ‘ஃலன்’ என்பார்கள்.

‘அந்த’ என்ற சுட்டு சேர்ந்தால் ‘அ ஃலன்’. பெண்பால் பெயர்ச்சொல் சுட்டுக்குப் பின் மென்மையாக வேண்டும் என்று பாடத்தில் படித்தவர் இங்கே ‘அ லன்’ என்று சொல்லிவிடுவார். ‘ஃல’வுக்குச் சுட்டுக்குப் பின் விலக்கு உண்டு, மாறாது. மாற்றிச் சொன்னால் பொருளே போய்விடும்: ‘அ லன்’ என்றால் கரை, க்லன்னின் ஜி விழுந்த வடிவம். இரண்டு என்ற எண்ணுக்குப் பின் விலக்கு இல்லை, ‘டூய் லன்’தான். ‘மேல்’ என்று பொருள்தரும் ‘அர்’ முன்னால் வந்தாலும் மென்மையாகும். அப்போது கரையும் ஃலன்னும் ஒரே ஒலியில் வந்து நிற்கும். ‘அர் லன் அ மோர்’ என்று கேட்டால் அது கடற்கரை. தெற்கு வேல்ஸில் ‘லன்’ என்றால் ‘மேலே’ என்றும் பொருள். மாடிக்குப் போ என்பதை ‘லன்’ சேர்த்துத்தான் சொல்வார்கள். அதுவும் கரையிலிருந்து வந்தது, ஃலன்னிலிருந்து அல்ல.

19-ஆம் நூற்றாண்டில் கற்சுரங்கங்களைச் சுற்றிப் புது ஊர்கள் எழுந்தபோது அவற்றுக்கு ஃலன் என்று பெயர் வைக்கவில்லை. அந்தத் தொழிலாளர்கள் ஆங்கிலிக்கன் தேவாலயத்தை விட்டுப் பிரிந்த சபைகளைச் சேர்ந்தவர்கள். தங்கள் ஜெபக்கூடங்களுக்கு வேதாகமப் பெயர்களை வைத்தார்கள், அதுவே ஊருக்கும் நிலைத்தது. பெதஸ்தா, பெத்தேல், நேபோ என்று தமிழ் வேதாகமத்தில் வாசித்த பெயர்களை வடக்கு வேல்ஸ் வரைபடத்தில் காணலாம்.

நீண்ட பெயரைப் பிரித்துப் பார்ப்போம்

ஆங்கில்சி தீவில் 58 எழுத்துப் பெயர்ப்பலகையோடு ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. படமெடுக்கத்தான் கூட்டம் வருகிறது. பெயரைப் பிரித்துப் பார்ப்பவர் குறைவு. இதுவரை சொன்னதெல்லாம் அந்த ஒரே பெயருக்குள் இருக்கிறது.

ஃலன் + வைர்: மாதாவின் ஃலன், ம மாறி வ. புஃல்: குட்டை அல்லது பள்ளம். க்வின்: வெள்ளை (ஒயினைக் குறிக்கும் ‘க்வின்’ வேறு சொல்). கிஃல்: ஹேசல் மரங்கள், கல்லின் க மாறித் தங்கத்தின் க. இதுவரை உண்மையான பழைய ஊர்ப்பெயர்: ‘வெள்ளை ஹேசல் பள்ளத்து மாதா ஃலன்’. மீதி, ரயில் வந்த பிறகு 1860-களில் பயணிகளை இழுக்க ஒட்டவைத்தது. கோகெர்: அருகில். அ க்ஹ்விர்ன் ட்ரோபுஃல்: வேகமான நீர்ச்சுழி. ஃலன் டிசிலியோ: டிசிலியோ என்ற புனிதரின் ஃலன். கோகோ: குகை. கோக்: சிவந்தது.

‘ட்ரோபுஃல்’லும் ‘ஃலன்’னும் சேரும் இடத்தில் பலகையில் நான்கு எல் வரிசையாக நிற்கும். அது நான்கு எழுத்தல்ல, இரண்டு ‘ஃல’. இப்படி இரண்டு குறிகள் சேர்ந்து ஒரே எழுத்தாகும் இடங்களைக் கழித்து வெல்ஷ் முறையில் எண்ணினால் மொத்தம் 51 எழுத்துதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: டிசிலியோவின் முதல் எழுத்து மென்மையாகவில்லை. ஃலங்கோஃலெனுக்குப் பக்கத்திலும் ஃலன்டிசிலியோ ஒன்று இப்படியே டீயின் ட-வோடு இருக்கிறது. வேல்ஸின் வேறு பக்கங்களில் அதே புனிதரின் பெயர் வண்டியின் ட-வோடு எழுதப்படுகிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பேருந்தில் ஏறும் முன் வெல்ஷ் எழுத்தைப் பார்த்துவிடுங்கள்.